ஓர் இடைப்பொருளின் வரலாறு: டோபமினும் விழித்திரையும்

என் அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். கைநடுக்கமும் நடையின் தயக்கமும் எங்களுக்குப் பழகிப்போயிருந்த ஒரு காலத்தில் அவர் புதிதாக ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். "கோப்பையிலை சோறு எங்கை முடியுது எண்டு தெரியேல்லை." கோப்பை வெள்ளை, சோறும் வெள்ளை. பனிக்காலத்துப் பின்னேரங்களில் சாம்பல்நிறச் சீமெந்துப் படிகளின் விளிம்பும் அவருக்குத் தெரியவில்லை. கண் பரிசோதனைக்குக் கூட்டிச் சென்றேன். வெள்ளை அட்டையில் கறுப்பில் அச்சிட்டிருந்த இலக்கங்களை, மிகச் சிறியதற்கு முந்தைய வரிவரை அம்மா பிழையின்றி வாசித்தார். கண்ணில் குறையில்லை என்று பரிசோதித்தவர் சொன்னார். அதை நான் தமிழாக்கி அம்மாவுக்குச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் நம்பவும் செய்தேன். பின்வந்த மாதங்களில் சோறு மேசையில் சிந்தியபோதெல்லாம், "கண்ணிலை ஒண்டுமில்லை எண்டு சொன்னவையெல்லே, கவனமாய்ச் சாப்பிடுங்கோம்மா" என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

அம்மா சொன்னதே சரி என்பது எனக்குப் பின்னர் வாசிப்பின் வழியாகத்தான் தெரியவந்தது. நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய நான் ஒரு பொருளின் வரலாற்றில் போய்ச் சேர்ந்தேன். அந்த வரலாற்றை இங்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புலம்பெயர்ந்தவனுக்கு 'இரட்டைப் பார்வை' வாய்க்கிறது, விட்டு வந்த நிலத்தின் இருளையும் வந்து சேர்ந்த நிலத்தின் ஒளியையும் அவனால் ஒருங்கே காணமுடியும் என்று நண்பரொருவர் நீண்டகாலமாக வாதிட்டு வருகிறார். அவர் கண்ணை உவமையாக எடுத்துக்கொண்டபடியால், கண் உண்மையில் என்ன செய்கிறது என்பதையும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

*

1910இல் லண்டன் வெல்கம் ஆய்வுகூடங்களைச் சேர்ந்த ஜோர்ஜ் பார்ஜரும் ஜேம்ஸ் யூவின்சும் ஒரு பொருளைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அட்ரினலினை ஒத்த பல பொருள்களைச் செய்து, எது இரத்த அழுத்தத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த அளவுகோலில் இப்பொருள் மிகவும் பலவீனமானதாகத் தெரிந்தது. அதற்கென ஒரு சுருக்கமான பெயர்கூட இருக்கவில்லை. 'டோபமின்' என்ற பெயரை ஹென்றி டேல் முன்மொழிந்தது 1952இல்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது இரசாயனப் பெயரொன்றைச் சுமந்தபடி ஆய்வுகூட அலுமாரியில் கிடந்தது.

1938இல் ஜேர்மனியில் பீற்றர் ஹோல்ட்ஸ், 'டோபா' என்ற அமினோ அமிலத்தை டோபமினாக மாற்றும் நொதியத்தைச் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்த ஹேர்மன் பிளாஷ்கோ, உடல் அட்ரினலினை உருவாக்கும் வழியை ஒரு சங்கிலியாக எழுதிக் காட்டினார். தைரோசினிலிருந்து டோபா, அதிலிருந்து டோபமின், அதிலிருந்து நோர்அட்ரினலின், கடைசியில் அட்ரினலின். இந்தச் சங்கிலி சரியானது, இன்றும் பாடநூல்களில் இருப்பது. டோபமினுக்கு அதில் ஓர் இடம் கிடைத்தது என்றாலும் அது இடைத்தங்கல் முகாமில் கிடைக்கும் இடத்தைப் போன்றது. வேறொன்றாவதற்கு முன் சிறிது நேரம் தங்கிப்போகும் பொருளாகவே அது கருதப்பட்டது. அதற்கெனத் தனி வேலை ஏதும் இருக்கலாம் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை.

பிளாஷ்கோ பேர்லினில் பிறந்த யூதர். நாஸிகள் ஆட்சியைப் பிடித்த 1933இல் இங்கிலாந்து சென்றவர். 1957இல், ஒக்ஸ்போர்டிலிருந்து எழுதிய கட்டுரையொன்றில், இந்த இடைப்பொருளுக்குச் சொந்தமாகவே ஒரு பணி இருக்கக்கூடும் என்ற ஊகத்தை முன்வைத்தவரும் அவரே. நண்பரின் வாதத்துக்கு இதைவிட வசதியான சாட்சி கிடையாது. அவசரப்படவேண்டாம், இதற்குத் திரும்பி வருகிறேன்.

*

ஊகத்தை நிரூபித்த கதையில் எங்கள் பக்கத்து மூலிகையொன்று வருகிறது. சர்ப்பகந்தியின் வேரை ஆயுர்வேதம் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தது. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும், மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் அது உதவுகிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்த அழுத்த நோயாளருக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலன்களைப் பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தினர் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற கூற்றைப் பிரித்தெடுத்தார்கள்.

இந்த இடத்தில் நம்மவர் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்பது ஓர் அணி; விஞ்ஞானம் முழுக்க மேற்கினது, மற்றதெல்லாம் பச்சிலை என்பது மற்றது. சர்ப்பகந்தி இரண்டு அணிக்கும் உதவாது. வேரின் குணத்தை அறிந்தவர்களுக்கு டோபமினைத் தெரியாது. டோபமினை அறிந்தவர்களுக்கு, அந்த வேர் இல்லாமல் அதன் வேலையைக் கண்டுகொள்ளும் வழி அன்று அமையவில்லை.

சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சனும் அவரது சகாக்களும் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார்கள். முயல்கள் காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபாவை ஊசி மூலம் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் அவை எழுந்து ஓடத் தொடங்கின. இது 1957இல் வெளிவந்தது. எழுந்து ஓடிய விலங்கின் மூளையில் நோர்அட்ரினலின் திரும்பியிருக்கவில்லை, டோபமின்தான் திரும்பியிருந்தது என்பது அடுத்து நிறுவப்பட்டது. அதே 1957இல் இங்கிலாந்தில் கத்லீன் மொன்ராகு மூளையில் டோபமின் இருப்பதைக் காட்டியிருந்தார். 1959இல் பேர்ட்லரும் ரோசன்கிரேனும், மூளையின் டோபமின் பெரும்பாலும் அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழ்பகுதிகளிலேயே செறிந்திருக்கிறது என்று கண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு, 1960இல் லண்டனில் நடந்த கருத்தரங்கில் கார்ல்சன் கூறியதை அன்றைய மருந்தியலின் பெரியவர்கள் ஏற்கவில்லை. அவர்களுள் முதன்மையானவர் ஹென்றி டேல். பொருளுக்குப் பெயர் வைத்தவரே அதன் தனித்தன்மையை ஏற்கத் தயங்கினார். அதே ஆண்டின் இறுதியில் வியன்னாவில் ஒலே ஹோர்னிக்கியவிச், எரிங்கருடன் சேர்ந்து, பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1961இல் பிர்க்மாயருடன் சேர்ந்து நோயாளருக்கு டோபா கொடுத்ததும் அவரே. இன்று அம்மா நாளுக்குப் பலமுறை விழுங்கும் குளிசையின் பூர்வீகம் அதுதான். 2000ஆம் ஆண்டில் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹோர்னிக்கியவிச் விடுபட்டதை ஆட்சேபித்து 200க்கும் மேற்பட்ட நரம்பியலாளர் பகிரங்கக் கடிதமொன்றில் ஒப்பமிட்டார்கள்.

*

இதுவரை மூளை. கண்ணின் கதை வேறொரு வாசலால் வருகிறது.

மனித விழித்திரையில் மங்கிய ஒளிக்கான கோல்கள் ஏறக்குறைய 9 கோடி. பகல் ஒளிக்கும் நிறத்துக்குமான கூம்புகள் 45 இலட்சமளவில். ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் சுமார் 10 இலட்சம் மட்டுமே. ஆகவே விழித்திரை தான் கண்டதை அப்படியே அனுப்பும் படப்பெட்டி அல்ல. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அது மூளைக்கு முன்னரே முடிவு செய்துவிடுகிறது. மூளைக்குச் செய்தி அனுப்பும் திரட்டுக்கலங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பதை 1953இல் ஸ்ரீபன் கஃப்ளர் பூனையின் கண்ணில் காட்டினார். ஒவ்வொரு கலத்துக்கும் பார்வைப் புலத்தில் ஒரு மையமும் அதைச் சுற்றி ஒரு வளையமும் உண்டு. மையத்தில் விழும் ஒளி கலத்தைத் தூண்டினால், வளையத்தில் விழும் ஒளி அதை அடக்கும். ஆகவே கலம் அறிவிப்பது ஒளியின் அளவை என்பதைவிட அயலோடு உள்ள வித்தியாசத்தை என்பதே பொருந்தும். விளிம்பு நமக்குத் தெரிவது இதனால்தான்.

1957இல் பார்லோ, பிற்ஸ்ஹியூ, கஃப்ளர் மூவரும் இன்னொன்றைக் கண்டார்கள். பூனையை இருளில் நீண்டநேரம் வைத்தபோது அந்த வளையத்தின் எதிர்ப்பு மறைந்துவிட்டது. இருளில் கண் வித்தியாசம் பார்ப்பதைக் கைவிட்டு, கிடைக்கும் சொற்ப ஒளியைச் சேகரிக்கத் தொடங்குகிறது. நிலவொளியில் பூவரசம் வேலி தெரியும், அதன் பூவின் மஞ்சள் தெரியாது. ஒரே கண் பகலில் ஒருவிதமாகவும் இரவில் இன்னொரு விதமாகவும் தன்னை ஒழுங்கமைக்கிறது என்பது நிச்சயமாயிற்று. மாற்றிவைப்பது எது என்ற கேள்வி எஞ்சியது.

1962இல் சுவீடனின் பெங்ற் ஃபால்க்கும் நில்ஸ்-ஓகெ ஹிலார்ப்பும் ஒரு முறையை வெளியிட்டார்கள். உறையவைத்து உலர்த்திய இழையத்தின்மேல் போமல்டிகைட்டு ஆவியைச் செலுத்தினால், டோபமினும் நோர்அட்ரினலினும் உள்ள நரம்புகள் நுணுக்குக்காட்டியின் கீழ் பச்சையாக ஒளிரும். அதுவரை இழையத்தை அரைத்து அளந்த பொருளை இனி அது இருக்கும் இடத்திலேயே காணலாம். அடுத்த ஆண்டே மால்ம்ஃபோர்ஸ் எலியின் விழித்திரையில் ஒளிரும் கலங்களைக் கண்டார். அவரும் ஹெகன்டாலும் முயலின் விழித்திரையில் இருப்பது டோபமின் என்று இனங்கண்டார்கள். மூளையின் ஆழத்தில் அசைவை நடத்தும் பொருளுக்குக் கண்ணில் என்ன வேலை?

கலங்களின் தொகையும் புதிராக இருந்தது. சுண்டெலியின் விழித்திரையில் கோல்கள் பல இலட்சம். டோபமின் கலங்களோ சில நூறு மட்டுமே. ஆனால் அவற்றின் மெல்லிய கிளைகள் விழித்திரை முழுவதிலும் வலையாகப் பரந்திருந்தன. கலத்துக்குக் கலம் செய்தி கடத்தும் அமைப்பாக இது தோன்றவில்லை. ஊர் முழுவதற்கும் ஒரு அறிவித்தலைச் சொல்லும் அமைப்பாகத் தோன்றியது.

அறிவித்தல் என்னவென்பது மெல்ல மெல்லப் புலப்பட்டது. 1971இல் கிராமர், ஒளிபட்டதும் விழித்திரை டோபமினை வெளிவிடுகிறது என்று காட்டினார். 1978இல் மைக்கல் இயூவோனும் சகாக்களும், ஒளி டோபமினின் உற்பத்தியையும் தூண்டுகிறது என்று கண்டார்கள். 1983இல் ஜப்பானில் தெரனிஷி, நெகிஷி, கட்டோ ஆகியோர் கார்ப் மீனின் கண்ணில் செய்த பரிசோதனை இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது. பக்கவாட்டில் செய்தி பரப்பும் கிடைக்கலம் ஒன்றினுள் மஞ்சள் சாயத்தைச் செலுத்தினார்கள். சாதாரணமாகச் சாயம் அக்கலத்தோடு நில்லாது அயற்கலங்களுக்கும் கசிந்து பரவும். ஏனெனில் அவற்றிடையே நுண்ணிய வாயில்கள் உண்டு. டோபமினை இட்டபோது சாயம் ஒரே கலத்துள் நின்றுவிட்டது. வாயில்கள் மூடிக்கொண்டன. 1984இல் பாரிஸில் பிக்கொலினோ, நெய்ற்றன், கெர்ஷன்ஃபெல்ட் ஆகியோர் ஆமையின் கண்ணில் இதையே உறுதிசெய்து, அதன் உள்வழியையும் காட்டினார்கள். அதே ஆண்டு ஜென்சனும் டோவும் முயலுக்கு டோபமினைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது, சில திரட்டுக்கலங்களில் கஃப்ளர் கண்ட அந்த வளையத்தின் செல்வாக்குக் குன்றியது. 1992இல் ஹாம்சன், வேனி, வைலர் மூவரும், கோல்களின் செய்தியைச் சுமக்கும் இடைக்கலங்களின் வாயில்களையும் டோபமின் மூடுகிறது என்று முயலில் காட்டினார்கள். 2008இல் ரிபெலைகா, காவோ, மாங்கல் ஆகியோர், கோலுக்கும் கூம்புக்கும் இடையிலுள்ள வாயில்கள் இரவில் திறந்தும் பகலில் ஒடுங்கியும் இருப்பதையும், அதற்கு விழித்திரையின் உள்ளே ஓடும் நாட்கடிகாரமும் டோபமினும் பொறுப்பு என்பதையும் நிறுவினார்கள்.

சுருங்கச் சொன்னால், டோபமின் விழித்திரைக்குச் சொல்லும் அறிவித்தல்: பொழுது விடிந்துவிட்டது, அயலோடு கலப்பதை நிறுத்து, வித்தியாசத்தைப் பார். கதை முழுவதும் இவ்வளவு நேர்த்தியானதல்ல. 1985இல் மாங்கலும் டவ்ளிங்கும், கார்ப் மீனை நீண்டநேரம் இருளில் வைத்தாலும் டோபமின் இட்டதுபோன்ற விளைவே கிடைக்கிறது என்று காட்டி, ஒளிதான் ஒரே தூண்டல் என்ற எளிமையான விளக்கத்தைக் குழப்பினார்கள். பகலுக்கு மாறும் வேலை முழுவதையும் டோபமின் மட்டுமே செய்வதுமில்லை. ஆயினும் அந்த வேலையின் தலைமையான தூதுவர்களில் அது ஒன்று என்பதில் இன்று விவாதமில்லை.

*

இனி அம்மாவின் கோப்பை. 1987இல் பொடிஸ்-வோல்னரும் சகாக்களும், பார்க்கின்சன் நோயாளருக்கு வெளிர்-கருமை வித்தியாசத்தைப் பிரித்தறியும் ஆற்றல் குன்றுவதை அளந்து காட்டினார்கள். 1990இல் கனடாவில் ஹார்னுவாவும் டி பாவ்லோவும், இந்நோயுடன் இறந்தவர்களின் விழித்திரையில் டோபமின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மூளைப் பகுதிகளுக்கும் இக்குறையில் பங்குண்டு. ஆனால் கண்ணும் நோயின் ஓர் இடம்.

கறுப்பு எழுத்தை வெள்ளை அட்டையில் வாசிக்க இந்த ஆற்றல் பெரிதாகத் தேவையில்லை. வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோற்றைக் காணத் தேவை. இதை அளப்பதற்கென்றே 1988இல் பெல்லி, ரொப்சன், வில்கின்ஸ் மூவரும் இன்னோர் அட்டையை வெளியிட்டார்கள். அதில் எழுத்துகள் சிறுப்பதில்லை. ஒரே அளவில் நின்று, மும்மூன்றாக மங்கிக்கொண்டே போகும். அந்த அட்டையை அம்மாவுக்கு ஒருவரும் காட்டவில்லை. காட்டும்படி நான் கேட்கவுமில்லை. அப்படியொன்று இருப்பது எனக்கு அன்று தெரியாது.

1910இல் டோபமினிடம் கேட்கப்பட்ட கேள்வி, இரத்த அழுத்தத்தை உயர்த்துவாயா என்பது. பலவீனமாகவே என்பது உண்மையான பதில். அம்மாவின் கண்ணிடம் கேட்கப்பட்டது, கறுப்பு இலக்கம் தெரிகிறதா என்பது. தெரிகிறது என்பதும் உண்மையான பதில். இரண்டு இடத்திலும் சோதனை பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டவர்கள்தான் பிழைவிட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

இப்போது நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். இந்த வரலாற்றில் அகதிகள் உண்டு. பிளாஷ்கோவைச் சொன்னேன். கஃப்ளர், 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது வியன்னாவைவிட்டு வெளியேறிச் சிட்னிக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றவர். ஆனால் நொதியத்தைக் கண்ட ஹோல்ட்ஸ் ஜேர்மனியிலேயே இருந்தவர். கார்ல்சனும் ஃபால்க்கும் ஹிலார்ப்பும் அகதிகளல்லர். நாடிழந்ததால் ஒருவருக்குக் கண் கூர்மையாகிறது என்பதற்கு இங்கே சான்றில்லை. சான்று இருப்பது வேறொன்றுக்கு. 1956இல் வியன்னாவிலிருந்து புலமைப்பரிசிலில் ஒக்ஸ்போர்டுக்கு வந்த இளைஞர் ஹோர்னிக்கியவிச்சுக்கு, டோபமினை ஆராய்ந்து பார் என்று வழிகாட்டியவர் பிளாஷ்கோ. நாஸிகளிடமிருந்து வெளியேறிய ஒருவர், நாஸிகள் ஆண்ட நகரத்திலிருந்து வந்த ஒருவரிடம் தன் கேள்வியை ஒப்படைத்தார். பிளாஷ்கோவின் பார்வை இரட்டையாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் முடிவடையாத ஒரு கேள்வி இருந்தது, அதைத் தூக்கிச் செல்ல இன்னொருவரை அனுமதிக்கும் மனம் இருந்தது.

உவமையாகப் பார்த்தாலும் கண் நண்பருக்கு உதவாது. இருளுக்கு ஒழுங்கான கண்ணுக்கு நுணுக்கம் தெரியாது. ஒளிக்கு ஒழுங்கான கண்ணுக்கு மங்கல் தெரியாது. அந்திப்பொழுதில் கோலும் கூம்பும் சேர்ந்து வேலைசெய்யும்தான், ஆனால் இரண்டும் அரைகுறையாக. கலங்களின் நடத்தையிலிருந்து சமூகத்துக்குச் சட்டம் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆகவே இதை மறுப்பாக மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

சோதனைகளைப் பற்றிச் சொன்னது மட்டும் நமக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளாக நாம் ஒருவரையொருவர் ஒரேயொரு அட்டையைப் பிடித்துத்தான் பரிசோதித்து வந்திருக்கிறோம். தியாகியா, துரோகியா? வெள்ளையில் கறுப்பாகத் தெரிகிற பதில் எல்லோரிடமும் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு வெளியே நின்று, இன்னொன்று எனக்குத் தெரியவில்லை, இன்னொன்று எனக்கு வலிக்கிறது என்று சொன்னவர்களுக்கு, உன் கண்ணில் குறையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அம்மாவுக்கு இப்போது கடும்நீலக் கோப்பையில் சோறு போடுகிறோம். படி விளிம்புகளில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறது. இந்நோயுள்ள பெற்றோரை வைத்திருப்பவர்கள் இரண்டையும் செய்யலாம், மங்கும் எழுத்து அட்டையையும் கேட்டு வாங்கலாம். முதல்நாள் நீலக் கோப்பையை வைத்தபோது அம்மா சோற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான்," என்றார்.